கோயிலுக்கேற்ற உடுப்பு

பாயைப் பிடித்துக்கொண்டுதான் நான் உயிர் பிழைத்தேன். அதில் பொய் இல்லை. எங்கள் சபையின் பௌலியாசி மூப்பர் அதைச் சொல்ல நினைத்த விதத்தில்தான் பொய் இருந்தது. அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். இன்னும் சிலர் எங்கள் தீவில் அவர் சொல்ல நினைத்த மாதிரியே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அதனால் எழுதுகிறேன்.

பசிபிக் கடல் நடுவிலுள்ள எங்கள் தோங்காவில் இடுப்பில் பாய் கட்டாமல் யாரும் கோயிலுக்குள் போவதில்லை. தாழை ஓலையில் பின்னிய பாய். வேட்டிக்கும் பாவாடைக்கும் மேலே சுற்றி, தென்னைநார்க் கயிற்றால் இறுக்கிக் கட்டுவோம். முன்னொரு காலத்தில் கடலில் அலைக்கழிந்து, உடுப்பெல்லாம் கந்தலாகிக் கரையேறிய சிலர், அந்தக் கோலத்தில் தலைவர் முன்னால் போகக் கூசி, படகில் கிடந்த கிழிந்த பாயை எடுத்து இடுப்பில் சுற்றிக்கொண்டு போனார்களாம். அதிலிருந்து வந்த வழக்கம் என்பார்கள். பள்ளிக்கூடத்தில் நான் பிள்ளைகளுக்கு விரும்பிச் சொன்ன கதை இது. கடலிலிருந்து வருகிறவன் கையில் கிடைத்ததைக் கட்டிக்கொண்டு வருகிறான். தன்னால் ஆனதைச் செய்துவிட்டுத்தான் முன்னால் நிற்கிறான். மரியாதை என்றால் எனக்கு அதுதான். நான் பாய்க்கு எதிரி இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என் தம்பி தாவகே ஊர்ப் படகை ஓட்டினான். கோயில் பாடகர் குழுவில் அடிக்குரல் அவனுடையது. ஒரு ஞாயிறு விடியற்காலை, பழுதாகி நின்ற யாருடைய படகையோ கட்டி இழுத்து வந்து சேர்த்துவிட்டு, மணியடிக்கிற சத்தம் கேட்டு அப்படியே கோயிலுக்கு வந்தான். சட்டையெல்லாம் எஞ்சின் எண்ணெய். இடுப்பில் பாய் இல்லை. வாசலில் பௌலியாசி மூப்பர் நின்றார். பயபக்தியோடு உடுத்தியிருக்கிறோமா என்று பார்ப்பது அவர் தானே எடுத்துக்கொண்ட வேலை.

"எங்க வர்ற இப்படி? இடுப்புல ஒண்ணுமே இல்ல. ராஜா கூப்பிட்டா இந்தக் கோலத்துல போய் நிப்பியா?"

"ராஜா என்னை எங்க கூப்பிடப் போறாரு மூப்பரே? ஆண்டவர்தான் வாராவாரம் கூப்பிடுறாரு."

"அப்ப அவருக்கு ஏத்த மாதிரி வா."

"அவரு மீன்பிடிக்காரங்ககூடத்தானே சுத்திக்கிட்டிருந்தாரு. அவங்க இடுப்புல என்ன இருந்துச்சாம்?"

உள்ளே ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த பெண்கள் சிரித்துவிட்டார்கள். சிரிப்பு மூப்பருக்குப் பொறுக்கவில்லை. கையை நீட்டி வழியை மறித்தார். தாவகே சண்டை போடவில்லை. வாசலுக்கு எதிரே ஈரப்பலா மரத்தடியில் போய் உட்கார்ந்தான். ஞானப்பாட்டு தொடங்கியதும் அங்கிருந்தே பாடினான். ஜன்னல் வழியாக அந்த அடிக்குரல் வந்து எங்கள் எல்லாக் குரல்களுக்கும் கீழே நின்றது. அன்று பாட்டு நன்றாக இருந்தது. அதையும் மூப்பர் மன்னிக்கவில்லை என்று நினைக்கிறேன்.

அந்த வருடம் எங்கள் சபைகளின் மாநாடு கடலுக்கு அந்தப் பக்கம் பாங்காய் ஊரில் நடந்தது. பாடகர் குழு முந்தின நாளே பெரிய கப்பலில் போய்விட்டது. எனக்குப் பள்ளியில் பரீட்சை இருந்ததால் மறுநாள் தாவகேயின் படகில் போவதாக ஏற்பாடு. காணிக்கைக்கான வள்ளிக்கிழங்கு, கால் கட்டிய ஒரு பன்றி, அப்புறம் பாய்கள். பாய்கள்தான் முக்கியம். பாடகர்கள் கட்டுவதற்கான மெல்லிய பாய்கள், தலைமைப் போதகருக்குப் பரிசளிக்க ஒரு பழைய பாய். அந்தப் பழைய பாய் எங்கள் ஊரின் பெருமை. கையில் எடுத்தால் துணி மாதிரி மடியும்.

நான் படகுத்துறைக்குப் போனபோது மூப்பர் படகின் முன்பெட்டிக்குள் பாய்களை அடுக்கிக்கொண்டிருந்தார். சுருட்டி, பிளாஸ்டிக் தாள் சுற்றி, கயிறு போட்டுக் கட்டிய கட்டு. படகில் தண்ணீர் புகாத இடம் அந்தப் பெட்டி ஒன்றுதான். அதில் இருந்த லைஃப் ஜாக்கெட்டுகள் துறையின் சிமெண்டுத் தரையில் குவிந்து கிடந்தன. வெயிலில் அவற்றின் ஆரஞ்சு நிறம் கண்ணைக் கூசவைத்தது.

"மூப்பரே, அதை ஏன் வெளிய எடுத்தீங்க?" என்றான் தாவகே.

"பின்ன பாயை எங்க வைக்கறது? உன் பன்றிக்குப் பக்கத்துலயா?"

"பாயை மேல கட்டிக்கலாம். தார்ப்பாய் போட்டு மூடிடறேன்."

"உப்புத்தண்ணி தெறிச்சா கறை புடிச்சுக்கும். கறை புடிச்ச பாயைக் கட்டிக்கிட்டு எந்த முகத்தோட ஆண்டவர் முன்னாடி நிப்பாங்க? உனக்கு அது தெரியாது. உனக்கு இடுப்புல ஒண்ணும் வேணாம்."

"ஜாக்கெட்டை உட்கார்ற இடத்துலயாவது போடுங்க" என்றேன் நான்.

"அங்க கிழங்கு மூட்டை இருக்கு டீச்சர். இடமே இல்ல. கடலைப் பாருங்க, தட்டு மாதிரி கிடக்கு. ஒரு மணி நேரப் பயணம். ஆண்டவர் வேலைக்குப் போறவங்களை ஆண்டவர் பாத்துக்குவாரு."

தாவகேயின் கழுத்து நரம்பு புடைத்தது எனக்குத் தெரிந்தது. எங்கள் ஊரில் கூடப்பிறந்தவள் காதுபட ஆண்பிள்ளை கெட்ட வார்த்தை பேசமாட்டான், குரலும் உயர்த்தமாட்டான். நான் அங்கே நின்றேன். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு கயிற்றை அவிழ்த்தான். மூப்பர் ஜாக்கெட்டுகளை அள்ளிக்கொண்டு துறைக் கொட்டகைக்குள் போனார். பிறகு அவர் விமானத்தில் பாங்காய் போய்ச் சேர்ந்துவிட்டார்.

பவளப்பாறைகளுக்கு நடுவே படகு போகிற வாய் தாண்டும்வரை கடல் அவர் சொன்ன மாதிரிதான் இருந்தது. அதற்குப் பிறகு காற்று திரும்பியது. பின்னாலிருந்து வந்த ஒரு அலை எஞ்சினை மூழ்கடித்தது; அடுத்தது படகுக்குள் விழுந்தது. கிழங்கு மூட்டைகள் ஒரு பக்கமாகச் சரிந்தன. பன்றி கத்தியது. அவ்வளவுதான் எனக்குத் தெளிவாக நினைவிருக்கிறது. படகு புரண்டதில் முன்பெட்டியின் மூடி பிய்ந்து, பாய்க்கட்டு வெளியே வந்து மிதந்தது. தாவகே என்னைப் பிடித்துத் தூக்கி அதன்மேல் போட்டான். அவன் கட்டின் கயிற்று முனையை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு தண்ணீரில் கிடந்தான்.

"மேல ஏறுடா" என்று கத்தினேன்.

"வேணாம்க்கா. ரெண்டு பேரைத் தாங்காது."

"தாங்கும். ஏறு."

"நீ பேசாம புடிச்சுக்க. வாயில தண்ணி போகுது பாரு."

கூடப்பிறந்தவள் இருக்கும் பாயில் எங்கள் ஊர் ஆண்பிள்ளை உட்காரமாட்டான். அதனால் ஏறவில்லையா, நிஜமாகவே தாங்காது என்று நினைத்தானா, எனக்கு இன்றுவரை தெரியாது. பெரிய அலைகள் வந்தபோதெல்லாம் அவன் கையால் பாய்க்கட்டை நேராகத் திருப்பிக்கொண்டே இருந்தான். இடையில் ஏதோ பாடினான். அப்புறம் பாடவில்லை. அந்த வழியாக வந்த மீனவர்கள் என்னைத் தூக்கியபோது கயிறு அவன் மணிக்கட்டில்தான் இருந்தது. அவன் முகம் தண்ணீருக்குள் இருந்தது.

நான் கட்டின்மேல் கிடந்தேன், பிழைத்தேன். அவனுக்கும் மிதக்க ஏதாவது இருந்திருந்தால் அவனும் பிழைத்திருப்பான். இதைப் புரிந்துகொள்ளப் பெரிய படிப்பு வேண்டாம்.

அடக்கத்தன்று அவரவர் முறைப்படி உடுத்தினோம். செத்தவனுக்குக் கூடப்பிறந்தவள் அவனைவிட மேல். எங்கள் அத்தை இல்லாததால் முதல் இடம் எனக்கு. நான் கறுப்பு உடுத்தி, நல்ல பாய் கட்டி, அவன் தலைமாட்டில் உட்கார்ந்தேன். அவன் மனைவி லூபே, முறைப்படி, நெஞ்சுவரை ஏறிய பெரிய கிழிந்த பாயைச் சுற்றிக்கொண்டு, தலையை விரித்துப் போட்டு, அடுப்படியில் இருந்தாள். செத்தவனுக்குக் கீழே இருக்கிறவர்கள், அவனை இழந்து அழிந்துபோனவர்கள், அவர்கள்தான் அந்தக் கிழிந்த பாயைக் கட்டுவார்கள். அதைக் கட்டியவரை யாரும் கடிந்து பேசக்கூடாது.

பௌலியாசி மூப்பர் அந்தப் பாயைக் கட்டிக்கொண்டு வந்தார். லூபேயின் பாயைவிடப் பெரியது. ஓரமெல்லாம் பிய்ந்து கால்வரை தொங்கியது. அவர் எங்களுக்குத் தாய்வழியிலும் இல்லை, தகப்பன் வழியிலும் இல்லை. சவப்பெட்டியைத் தூக்கினார். அழுதார். நிஜமாகவே அழுதார், அதை மறைக்கமாட்டேன். அவர் நடந்துபோன வழியெல்லாம் ஜனங்கள் ஒதுங்கி நின்று, "பாவம், எப்படித் தாழ்த்திக்கிட்டாரு பாரு" என்றார்கள். லைஃப் ஜாக்கெட் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்க முடியாது. அவர் அந்தப் பாய்க்குள் இருந்தார்.

துக்கத்தின் முதல் கட்டம் முடிகிற வாரம், மூப்பரும் இளம் போதகர் சேமிசியும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். மூப்பர் இன்னும் அந்தக் கிழிசலிலேயே இருந்தார். கையில் அந்தப் பழைய பாய். கடலில் கிடந்ததை நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்தி, அழகாக மடித்துக் கொண்டுவந்திருந்தார்.

"ஞாயித்துக்கிழமை நினைவு ஆராதனை டீச்சர்" என்றார் போதகர், தரையைப் பார்த்துக்கொண்டு. "மாநாட்டுலேருந்தும் ஆள் வர்றாங்க. மூப்பர் சாட்சி சொல்றதா இருக்காரு."

"என்ன சாட்சி?"

மூப்பர் பாயை என் முன்னால் வைத்தார். "நீங்க இதைக் கட்டிக்கிட்டு முன்னால நிக்கணும். நான் சொல்லப்போறது ஒரே வரிதான். ஆராதனை உடுப்பை நாம காத்தோம், ஆராதனை உடுப்பு நம்ம சகோதரியைக் காத்தது." அந்த வரி அவருக்கே ரொம்பப் பிடித்திருந்தது. சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

"தாவகேயை?"

"என்னம்மா?"

"அதே உடுப்பு தாவகேயை என்ன பண்ணுச்சு மூப்பரே? அதையும் ஒரு வரியில சொல்லிருங்க."

"அது ஆண்டவர் சித்தம். நாம கேள்வி கேக்கறதுக்கில்ல."

அடுப்படியிலிருந்து பாத்திரம் ஒன்று உருண்டு விழுகிற சத்தம் கேட்டது. லூபே விழுந்த பாத்திரத்தை எடுக்கவில்லை.

"டீச்சர், ஜனங்களுக்கு ஆறுதலா இருக்கும்" என்றார் போதகர். நல்ல பையன்தான். மூப்பரின் வீட்டில்தான் தினமும் சாப்பிட்டான்.

"எனக்கு?" என்றேன். அவர்கள் போய்விட்டார்கள். பாய் என் முன்னால் இருந்தது. தாழை வாசத்துக்கு அடியில் கடல் வாசம் போகவே இல்லை.

லூபே அடுப்படி வாசலில் வந்து நின்றாள். துக்கப் பாய் அவளை முக்கால்வாசி விழுங்கியிருந்தது.

"கட்டிக்கப் போறீங்களா மதினி?"

"நீ என்ன சொல்ற?"

"நீங்க அதைக் கட்டிக்கிட்டு முன்னால நின்னீங்கன்னா, அவரு செத்தது நல்லதுக்குத்தான்னு ஆயிரும்" என்றாள். "அப்புறம் நான் எங்க போய் அழுவேன்?"

ஞாயிறு காலை, மணியடிப்பதற்கு முன்பே படகுத்துறைக் கொட்டகைக்குப் போனேன். ஜாக்கெட்டுகள் அங்கேயே கிடந்தன. கெரசின் டின்களுக்குப் பக்கத்தில், மூலையில். ஒன்றின்மேல் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. அதைத் தொந்தரவு செய்யாமல் அடியிலிருந்து இன்னொன்றை உருவினேன். பல்லி எச்சம் தவிர வேறு எதுவும் படாதது. உப்புத்தண்ணி தெறிக்காதது. ஒரு கறை இல்லை.

அதை எப்படிப் போடுவது என்று எனக்குத் தெரியவில்லை. பட்டைகளும் கொக்கிகளும் எங்கெங்கோ தொங்கின. எனக்குத் தெரிந்த மாதிரி செய்தேன். கறுப்பு உடுப்புக்கு மேலே, பாய் சுற்றுகிற இடத்தில் அதைச் சுற்றி, என் அம்மாவின் தென்னைநார்க் கயிற்றால் இறுக்கிக் கட்டினேன். முடிச்சைச் சரிபார்த்தேன். அப்புறம் நடந்தேன்.

வழியில் யாரும் என்னைக் கூப்பிடவில்லை. வெள்ளை உடுப்புப் போட்ட பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்த்தார்கள். ஒருத்தி சிரிக்க, அவள் அம்மா அவள் வாயைப் பொத்தினாள்.

கோயில் வாசலில் மூப்பர் நின்றார்.

"என்னம்மா இது?"

"உடுப்பு."

"இது ஆண்டவர் வீடு."

"தெரியும். அதான் வெறும் இடுப்போட வரல."

"பாய் எங்க? நான் குடுத்த பாய்?"

"வீட்டுல பத்திரமா இருக்கு. நனையாது."

"துக்கத்துல புத்தி பேதலிச்சுப்போச்சு உங்களுக்கு. போங்க, போய் மாத்திக்கிட்டு வாங்க. வெளியூர் ஆளுங்க உள்ள இருக்காங்க." கையை நீட்டி வழியை மறித்தார். தாவகேயை மறித்த அதே கை.

"கடல்லேருந்து வந்தவங்க கையில கிடைச்சதைக் கட்டிக்கிட்டு வந்தாங்க. அதானே நம்ம பாயோட கதை? நானும் கடல்லேருந்துதான் வந்தேன். எனக்குக் கிடைக்க வேண்டியது இது. இப்பத்தான் கிடைச்சுது."

உள்ளேயிருந்து பாடகர் குழுவின் கலோலைனி குரல் கொடுத்தாள்: "விடுங்க மூப்பரே. டீச்சர் என்ன அம்மணமாவா வந்திருக்காங்க?"

யாரோ "ஷ்" என்றார்கள். யாரோ அந்த "ஷ்" போட்டவரை "நீ சும்மா இரு" என்றார்கள்.

நான் குரலை உயர்த்தவில்லை. வகுப்பில் கடைசி வரிசைக்குக் கேட்கிற மாதிரி பேசினேன். "நீங்க சாட்சி சொல்லுங்க மூப்பரே. நான் தடுக்கல. முழுசா சொல்லுங்க. இது எங்க இருந்துச்சு?"

"டீச்சர்..."

"படகுல இருந்துச்சா, கொட்டகையில இருந்துச்சா?"

"பாய்க்கு இடமில்லாம..." அவர் உள்ளே திரும்பிப் பார்த்தார். நிறைய முகங்கள் அவரைப் பார்த்தன. "கடல் அன்னிக்குத் தட்டு மாதிரி..."

"யாரு எடுத்து வெச்சா?"

போதகர் பிரசங்க மேடைக்குப் பக்கத்தில் எழுந்து நின்றவர் எழுந்தபடியே நின்றார்.

"நான்தான்" என்றார் மூப்பர்.

அதுவரை என் கோபம் அங்கே முடியும் என்று நினைத்திருந்தேன். முடியவில்லை. அவர் கட்டியிருந்த துக்கப் பாயின் பிய்ந்த ஓரங்கள் கணுக்காலில் உரசிக்கொண்டிருந்தன.

"இந்தக் கிழிஞ்ச பாயை அவுத்துருங்க."

"அம்மா, அது என் துக்கம்."

"அது லூபேயோட துக்கம். இந்தத் துக்கத்துல யாரு எதைக் கட்டணும், எப்ப அவுக்கணும்னு சொல்ற உரிமை எனக்கு. நான் அவன் அக்கா. அவுத்துருங்க."

முறை என்றால் முறை. அதை அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் ஊரில் கிடையாது. கயிற்றை அவிழ்த்தார். பாய் கீழே விழுவதற்குள் பிடித்துக்கொண்டு, அப்போதும், ஓரத்தோடு ஓரம் வைத்து ஒழுங்காக மடித்தார். அவரால் வேறு மாதிரி செய்ய முடியாது. இடுப்பில் வெறும் வேட்டியோடு அவர் நின்றதை ஊரில் யாரும் அதற்கு முன் பார்த்ததில்லை. எனக்கு இரக்கம் வரும் என்று பார்த்தேன். வரவில்லை.

மடித்த பாயோடு அவர் வாசலை விட்டு விலகினார். நான் உள்ளே போய் முன்வரிசையில் உட்கார்ந்தேன். ஜாக்கெட் தடிமனாக இருந்ததால் நேராக உட்கார முடியவில்லை. பக்கத்தில் லூபே. சாட்சி சொல்கிற நேரம் வந்தது, யாரும் எழவில்லை. போதகர் பாட்டைத் தொடங்கினார். அப்போது வெளியே ஈரப்பலா மரத்தடியிலிருந்து ஒரு குரல் சேர்ந்து பாடியது. மூப்பரின் குரல். நல்ல குரல்கூட இல்லை. அந்த இடத்தில் உட்கார்ந்து பாட அவருக்கு என்ன தைரியம் என்று எனக்கு மறுபடியும் பற்றி எரிந்தது. பாட்டின் அடியில் நிற்க வேண்டிய குரல் நிற்கவில்லை. பாட்டு முழுக்க நான் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஆராதனை முடிந்ததும் எல்லோரும் சமையல் கொட்டகையில் கூடினார்கள். குழி தோண்டி மூடிய மண்ணடுப்பைத் திறந்து சேம்பிலைப் பொட்டலங்களை எடுத்து வைத்தார்கள். லூபே என் இடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மதினி, அதைக் கொஞ்சம் குடுங்க."

அவிழ்த்துக் கொடுத்தேன். தன் துக்கப் பாய்க்கு மேலேயே ஜாக்கெட்டுக்குள் கையை நுழைத்தாள். பெரிய பாய், அதற்குமேல் ஆரஞ்சு நிறச் சட்டை. பட்டைகளை இழுத்துப் பார்த்தாள். எதை எதோடு சேர்ப்பது என்று தெரியாமல் நின்றாள்.

"எப்படிக் கட்டறது இதை?"

எனக்குத் தெரியவில்லை. எங்களைச் சுற்றி நின்ற ஒருவருக்கும் தெரியவில்லை. வாழ்நாள் முழுக்கக் கடலுக்கு நடுவில் இருக்கிறோம். பிள்ளை நடக்கத் தொடங்கியதும் பாய் கட்டக் கற்றுக் கொடுக்கிறோம். இதை ஒருத்தரும் ஒருத்தருக்கும் காட்டியதில்லை.

மண்ணடுப்புப் பக்கமிருந்து கலோலைனிதான் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். கல்யாணத்துக்கு முன்னால் பெரிய கப்பலின் கேன்டீனில் டீ போட்டவள். "நகருங்க, நான் பாத்திருக்கேன்" என்று லூபேயின் முன்னால் மண்டியிட்டு, கீழ்ப் பட்டையைச் சேர்த்தாள், நடுப் பட்டையைச் சேர்த்தாள். கொக்கிகள் டக், டக் என்று மாட்டின. கழுத்தோரம் இழுத்துச் சரிசெய்தாள்.

"அவ்வளவுதான்" என்றாள்.

பாய் கட்டுகிற நேரம்கூட ஆகவில்லை.